நின்று குடிக்கும் கோப்பை

எலுமிச்சம்பழத்தைக் கட்டிச் சர்க்கரைக் கூம்பின் மேல் அழுத்தித் தேய்த்தாள் பெத்தியா. வாசனை வரவில்லை.

தோல் கசங்கியது. வெள்ளைச் சர்க்கரை மஞ்சளாகி ஈரம் கோத்தது. விரல் நுனியில் எண்ணெய் பளபளத்தது. கண் எரியும்படி, வாயில் எச்சில் ஊறும்படி கிளம்ப வேண்டிய அந்த மணம் மட்டும் இல்லை. இரண்டாவது பழத்தை எடுத்தாள். மூன்றாவதை எடுத்தாள். தோலைக் கடித்துப் பார்த்தாள்; கசந்தது, நாக்கு சுருண்டது. சளி பிடித்திருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. மாட்டுக்கொழுப்பு மெழுகுவத்தி கருகுவது தெரிந்தது, முன்னறையில் கணப்பருகே காயப் போட்டிருந்த கம்பளி அங்கிகளின் ஈர நாற்றம் தெரிந்தது, கப்பல் முதலாளி ராங்கினின் பொய்முடியில் தூவிய மாவின் புளித்த வாடைகூடச் சுவரைத் தாண்டி வந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொன்றும் இருந்தது. கடல் வடிந்த பிறகு துறைமுகப் படிக்கட்டு ஒரு மூச்சு விடுமே, பாசியும் செத்த நண்டும் கலந்து, அது. மெலிதாக.

சர்க்கரையை முகர்ந்தாள். இல்லை. தன் கையை முகர்ந்தாள். இல்லை.

"ஏடி பெத்தியா, பஞ்ச் கலக்குறியா, இல்ல பழத்தோட குடும்பம் நடத்துறியா?" முன்னறையிலிருந்து எல்ஸ்பெத் குரல் கொடுத்தாள். "இங்க ஒவ்வொருத்திக்கும் நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு."

யாரோ சிரித்தார்கள். பெத்தியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்ஸ்பெத்தின் புருஷனும் அந்தக் கப்பலில்தான் போனான், சமையல்காரனாக. அவளுக்குச் சிரிக்க உரிமை இருந்தது. மற்றவர்கள் சிரித்ததுதான் தாங்கவில்லை.

"வானம்பாடி" என்ற அந்தக் கப்பல் ஜமைக்காவிலிருந்து சர்க்கரையும் ரம்மும் ஏற்றிக்கொண்டு கிளம்பியது. அயர்லாந்துக்கு மேற்கே, பாய்கள் கிழிந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி அது போனதை வேறொரு கப்பல்காரன் பார்த்தான். அதன் பிறகு யாரும் பார்க்கவில்லை. நேற்றோடு ஓராண்டு. இன்றோடு ஓராண்டும் ஒரு நாளும். கிரீனக் துறைமுகத்தில் அதுதான் எல்லை. அதற்கு மேல் ஒரு கப்பலுக்காகக் காத்திருப்பவளை ஊர் பைத்தியம் என்று சொல்லும். போன பதினொரு பேரின் வீட்டுப் பெண்களும் ஒரே வீட்டில் கூடுவார்கள். கப்பல் முதலாளி ரம் கொண்டுவருவார். எல்லாரும் எழுந்து நின்று, ஒரு வார்த்தை பேசாமல், ஒரு கோப்பை குடிப்பார்கள். காலையில் மனைவியாக எழுந்தவள் விளக்கு வைப்பதற்குள் விதவை. நடுவில் ஒரே ஒரு கோப்பை.

ராங்கின் ரம்மைத் தாமே தூக்கிக்கொண்டு வந்திருந்தார். பெரிய மனசு. அந்த ரம்மைக் காய்ச்சியவன் கடலுக்கு அந்தப்புறம் கரும்புத் தோட்டத்தில் சாட்டையடி வாங்கிக்கொண்டிருக்கிறான். அப்படி ரம் ஏற்றிவரப் போனவர்கள் கடலுக்கடியில். கொண்டுவந்து கொடுத்த புண்ணியம் மட்டும் இவருக்கு. கடைசிப் பயணத்துக்கு முன்னால், அடிப்பலகையில் கத்தி வைத்தால் பாலாடைக்கட்டியில் இறங்குவதுபோல இறங்குகிறது என்று டூகல் இவரிடம் போய்ச் சொன்னான். டூகல் அந்தக் கப்பலில் தலைவனுக்கு அடுத்தவன். பெத்தியாவின் புருஷன். "இந்த ஒரு தடவை போயிட்டு வாப்பா, வந்ததும் மாத்திரலாம்" என்றார் ராங்கின்.

பெத்தியா சர்க்கரையைத் தட்டி உடைத்துப் பெரிய பஞ்ச் கிண்ணத்தில் குளிர்ந்த நீரில் கரைத்தாள். சாறு பிழிந்தாள். ரம்மை ஊற்றினாள். ஜாதிக்காயைச் சுரண்டினாள். கை தானாகவே செய்தது. மணி நாலு ஆகியிருக்கவில்லை. தை மாதத்து இருட்டு ஜன்னல் வரை வந்துவிட்டது. மழை கண்ணாடியில் விரல்களால் தட்டுவதுபோலத் தட்டிக்கொண்டிருந்தது. கிண்ணத்துக்குள் மெழுகுவத்தியின் சுடர் தெரிந்தது, அவள் முகம் தெரிந்தது, பின்னால் கதவு தெரிந்தது. கதவு திறந்திருந்தது.

திரும்பினாள். கதவு மூடியிருந்தது.

மறுபடி குனிந்து கிண்ணத்தைப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை. கண்ணைச் சுவரில் வைத்துக்கொண்டே தூக்கினாள். கனத்தது. போட்ட அளவுக்கு மேல் கனத்தது.

முன்னறையில் நீண்ட மேசையைச் சுற்றிப் பதினொரு பெண்கள், ஓர் ஆண். அவளுக்கான பதின்மூன்றாவது நாற்காலி மாமியாரின் பக்கத்தில். அவள் மாமியார் கிரிசல் மேசையின் தலைப்பக்கத்தில் கறுப்பு உடுத்தி உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. இரண்டு பிள்ளைகளை அம்மையில் புதைத்தவள்; மூன்றாமவனைப் புதைக்க மண்கூடக் கிடைக்கவில்லை. இந்தக் கூட்டத்தை நாள் தவறாமல் நடத்த வேண்டும் என்று நின்றவளே அவள்தான். பெண்களில் மூத்தவள். அவள் சொன்னால் மறுப்பு கிடையாது.

"உக்காரு," என்றாள் கிரிசல். "ஏன் இவ்ளோ மெதுவா வர்ற?"

"கனமா இருந்துச்சு அத்தை."

"மனசுதான் கனம். அத எறக்கத்தான் இன்னிக்கிக் கூடியிருக்கோம்."

ராங்கின் அகப்பையைக் கையில் எடுத்தார். திமிங்கல எலும்புக் காம்பு, வெள்ளி முகப்பு. கிண்ணத்துக்கு அவர்தான் தலைவர். அவர் ஊற்றினால்தான் ஆயிற்று. வலமிருந்து இடமாக ஒவ்வொரு கோப்பையும் நிறைந்தது. அந்த ஊர்க் கோப்பைகளுக்கு அடி கிடையாது. கூம்பாக வந்து கூராக முடியும். கையில் பிடித்தவர் குடித்து முடித்துக் கவிழ்த்துத்தான் வைக்க முடியும். பாதியில் வைத்தால் உருண்டு உடையும். குடிக்கிறவர் ஏமாற்றக் கூடாது என்று எப்போதோ எவனோ கண்டுபிடித்தது.

அரசருக்கு ஒன்று. திருச்சபைக்கு ஒன்று. பிறகு எல்ஸ்பெத் உட்கார்ந்தபடியே கோப்பையை உயர்த்தினாள்.

"நம்ம ராங்கின் ஐயாவுக்கு. ஐயா உங்க நலத்துக்கு! எங்க ஆளுங்க போனாலும் நீங்க ஒரு சுத்து பெருத்திருக்கீங்க. கடவுள் கண் தொறந்துதான் இருக்காரு."

மேசையில் ஓர் அசைவு. சிரிப்பை விழுங்கிய அசைவு. எல்லாரும் குடித்தார்கள். யார் பெயருக்குக் குடிக்கிறார்களோ அவர் எழுந்து பதில் சொல்லியாக வேண்டும். சொல்லும் வரை ஒருவரும் கோப்பையைக் கவிழ்க்கக் கூடாது. ராங்கின் எழுந்தார். மேசை விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி, கடல் கொடுக்கும், கடல் எடுக்கும் என்று ஆரம்பித்தார்.

"நீங்க கொடுத்த கப்பலத்தான் ஐயா கடல் எடுத்துச்சு," என்றாள் எல்ஸ்பெத், மெதுவாக, தன் கோப்பையிடம் சொல்வதுபோல. அவர் சீக்கிரம் முடித்துக்கொண்டார். பன்னிரண்டு கோப்பைகள் கவிழ்ந்தன.

பெத்தியா குடித்தது தொண்டையில் நின்றது. உப்பு. மூக்குக்குப் பின்னால் குத்தும் உப்பு. மற்றவர்கள் முகத்தைப் பார்த்தாள். ஒருத்தி உதட்டை நக்கிக்கொண்டாள். ஒருத்தி இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று கிண்ணத்தைப் பார்த்தாள். யாருக்கும் ஒன்றும் இல்லை. அவளுக்கு மட்டும்தானா?

கிண்ணத்தில் பாதிக்கு மேல் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை.

இந்த ஓராண்டாக ஒவ்வொரு சனிக்கிழமையும் சின்னக் கிண்ணத்தில் அவள் கலக்குவாள். மாமியாரும் அவளும் எல்ஸ்பெத்தும் உட்கார்ந்து குடிப்பார்கள். உட்கார்ந்து குடித்தால் உயிரோடு இருப்பவருக்கு. நின்று குடித்தால் இல்லாதவருக்கு. பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். "டூகல் லமாண்ட், உங்க நலத்துக்கு," என்று பெத்தியா சொல்வாள். பெயருக்கு உரியவர் ஊரில் இல்லையென்றால் வீட்டுக்காரி எழுந்து அவருக்காகப் பதில் சொல்லலாம். அவளே எழுவாள். "வந்ததும் சொல்வாரு," என்பாள். அப்புறம்தான் கோப்பை கவிழும். ஐம்பத்திரண்டு சனிக்கிழமை. அந்த நேரம் மட்டும் அவளுக்கு ஒரு புருஷன் இருந்தான். வேறெங்கோ, வேறொரு கூரைக்கு அடியில், அதே மழையைக் கேட்டுக்கொண்டு. பாட்டுப் பாடத் தெரியாதவன். தெரியாது என்பதும் தெரியாமல் பாடுகிறவன். பாட்டு முடிந்ததும் எப்படி என்பதுபோல அவளைப் பார்ப்பான்.

"சரிம்மா," என்றார் ராங்கின். "நேரமாச்சு. எழுந்திருங்க."

கடைசிக் கோப்பையை நிரப்பினார். இதற்குப் பெயர் சொல்ல மாட்டார்கள். நின்று குடித்துக் கோப்பையைக் கணப்பில் எறிந்து உடைப்பார்கள், அதில் இனி உயிருள்ளவர் பெயருக்கு யாரும் குடித்துவிடக் கூடாது என்று. வீட்டுக்குள் இருக்கும் அத்தனை பேரும் நிற்க வேண்டும். ஒருவர் உட்கார்ந்திருந்தாலும் செல்லாது.

நாற்காலிகள் தேய்ந்தன. பாவாடைகள் உரசின. பத்துப் பெண்கள் நின்றார்கள். கிரிசல் மேசையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள், முழங்கால் நெரிய.

பெத்தியா உட்கார்ந்திருந்தாள்.

"எழுந்திரு," என்றாள் கிரிசல்.

"மாட்டேன்."

"ஊரே பாக்குது."

"பாக்கட்டும்."

"என் வயித்துல பொறந்தவன்டி அவன். நான் எழுந்து நிக்கிறேன். நாலு வருஷம் கூட இருந்தவ நீ, உனக்கு என்னடி?"

"உங்களால முடியுது அத்தை. நீங்க கல்லு. என்னால முடியல."

கிழவியின் முகத்தில் ஏதோ அறுந்ததுபோல இருந்தது. உடனே அதை முடிந்துகொண்டாள். "எழுந்திரு பெத்தியா."

பெத்தியா கோப்பையை உயர்த்தினாள். ராங்கின் அவசரப்படுகிறார், அது தெரிந்தது. அவர் தொப்பி முழங்காலருகே தயாராக இருந்தது. குடித்துவிட்டுப் போய்விடுவார். நாளைக்கு இன்னொரு கப்பல், இன்னொரு பதினொரு பேர். கோபம் அவளை மேலே தூக்கியது. உடம்பை அல்ல, குரலை.

"டூகல் லமாண்ட்," என்றாள். "உங்க நலத்துக்கு."

குடித்தாள்.

பெயர் சொல்லியாகிவிட்டது. நின்றவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறந்ததிலிருந்து பழகிய பழக்கம், புத்தியைக் கேட்காது. ஒருத்தி "நலத்துக்கு" என்று முணுமுணுத்தாள். எல்ஸ்பெத் சட்டென்று உட்கார்ந்து குடித்தாள். ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். குடித்தார்கள். கடைசியாகக் கிரிசலும், வேறு வழியில்லாமல்.

ராங்கின் பெருமூச்சு விட்டார். "சரி, ஆச்சு. அவனுக்காக நீ பதில் சொல்லிரும்மா. திரும்ப மொதல்லேருந்து ஆரம்பிப்போம்."

"நான் சொல்ல மாட்டேன்."

"என்னது?"

"ஐம்பத்திரண்டு தடவ சொல்லிட்டேன். இந்தத் தடவ அவரே வந்து சொல்லட்டும்."

அப்படி ஒருவரும் சொன்னதில்லை. அந்த மேசையில், அந்த ஊரில், பதில் இல்லாமல் ஒரு கோப்பையை யாரும் தொங்கவிட்டதில்லை. பதினொரு பெண்கள், ஓர் ஆண், கீழே வைக்க முடியாத கோப்பையோடு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கை வலிக்குதுடி," என்றாள் எல்ஸ்பெத். வேடிக்கையாகச் சொல்லப் பார்த்தாள். குரல் உடைந்திருந்தது.

கணப்பில் கரி ஒன்று சரிந்தது. அதன் பிறகு அமைதி. அமைதி அதிகமாக இருக்கிறது என்பது பெத்தியாவுக்கு உறைக்கச் சற்று நேரமாயிற்று. மழைச் சத்தம் இல்லை. ஜன்னலைப் பார்த்தாள். மழை பெய்துகொண்டுதான் இருந்தது. துளிகள் கண்ணாடியில் அடித்தன, உடைந்தன, வழிந்தன, ஓசையே இல்லாமல், தண்ணீருக்கு அடியிலிருந்து பார்ப்பதுபோல. காது அடைத்தது. அந்த வாடை இப்போது மெலிதாக இல்லை. பாசி. இரும்புத் துரு. நனைந்து நனைந்து ஊறிய கயிறு. மெழுகுவத்திச் சுடர்கள் ஏழும் ஒரே பக்கம் சாய்ந்தன, கதவுக்கு எதிர்ப்பக்கம், விலகிக்கொள்வதுபோல.

கீழே தெருக்கதவு திறந்தது.

"யாரு அது?" என்றார் ராங்கின்.

சுழல்படியில் ஒரு காலடி. அதோடு கூடவே தண்ணீர் சிந்தும் ஓசை, ஒரு செம்பைச் சாய்த்ததுபோல. இடைவெளி. இன்னொரு காலடி. மறுபடி தண்ணீர். ஏதோ கனமான துணி கல்லில் இழுபட்டது. அந்தப் படியில் பத்தொன்பது கல். எல்ஸ்பெத்தின் உதடுகள் அசைந்தன. எண்ணுகிறாள். ஏழு. எட்டு. நின்றது. மூச்சு வாங்க நிற்பதுபோல நின்றது. ஆனால் மூச்சு கேட்கவில்லை.

ஒன்பது.

"பதில் சொல்லும்மா," என்றார் ராங்கின். குரல் கீச்சென்றது. "தாயே, சொல்லிரு. வந்ததும் சொல்வாருன்னு சொல்லிரு."

சொல்ல வாயைத் திறந்தாள். நாக்கு வரவில்லை. அவளுக்குத் தெரிந்த எந்த வார்த்தையும் வாய்க்குள் இல்லை. உப்பு மட்டும் இருந்தது.

பதினைந்து. பதினாறு.

ராங்கின் கோப்பையை மேசையில் வைத்தார். அது உருண்டது. விளிம்பு வரை மெதுவாக உருண்டு விழுந்து உடைந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் பின்னால் நகர்ந்து சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டார். வெளியே போக அந்தப் படி ஒன்றுதான்.

பத்தொன்பது.

கதவு திறந்தது.

அவள் தைத்த சட்டை. முதலில் அதைத்தான் பார்த்தாள். இடது கை விளிம்பில் பச்சை நூல், நீலம் தீர்ந்துபோனதால். பிறகு தலை. முடியில் சிப்பிகள் பிடித்திருந்தன. பிறகு முகம். முகம் இருந்தது. முகத்தில் இருக்க வேண்டியவை எல்லாம் இருந்தன. கொஞ்சம் இடம் மாறி.

ஒருத்தி அலறத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினாள்.

டூகல் யாரையும் பார்க்கவில்லை. மேசையின் கடைசிக்கு வந்தான், பதில் சொல்கிறவர்கள் நிற்கும் இடத்துக்கு. விளிம்பில் இரண்டு கைகளையும் ஊன்றினான். மரம் நனைந்தது. தலையை நிமிர்த்திப் பெத்தியாவைப் பார்த்தான். அவளுக்கு அந்தப் பார்வை தெரியும். விடிவதற்கு முன், கப்பல் காவலுக்கு நேரமாயிற்று என்று ஆழ்ந்த தூக்கத்திலிருந்து அவள் உலுக்கி எழுப்பும்போது பார்ப்பான். இன்னும் கொஞ்ச நேரம் என்பான்.

வாயைத் திறந்தான்.

தண்ணீர் வந்தது.

சத்தம் வரவில்லை. தண்ணீர்தான். தெளிந்த, குளிர்ந்த கடல்நீர், நேரே கிண்ணத்துக்குள். தொண்டை புடைத்தது, தாடை அசைந்தது, சொல்லப் பார்க்கிறான், ஒரே ஒரு வார்த்தை, அதைச் சுற்றித் தண்ணீர். மணல் வந்தது. நிறுத்தி, வாயை மூடி, தோளை நிமிர்த்தி மறுபடி முயன்றான். மறுபடி தண்ணீர். மேசை விளிம்பைப் பிடித்த விரல்கள் வெளுத்தன. பாடத் தெரியாதவன் பாடி முடித்துவிட்டுப் பார்ப்பதுபோல, ஒவ்வொரு தடவையும், அவளைப் பார்த்தான்.

பெத்தியா கீழே பார்த்தாள். ஏன் பார்த்தாளோ. அவன் காலணிகளுக்கு மேல்தோல் மட்டுமே இருந்தது. அடி இல்லை. பாதங்களிலும் அதிகம் மீதி இல்லை.

நடந்து வந்திருக்கிறான்.

அயர்லாந்துக்கு மேற்கிலிருந்து. அடித்தரையில். பாறையில், சிப்பியில், உடைந்த கப்பல்களின் ஆணிகளில். இன்று ஒரு நாளில் இல்லை. இவள் பெயர் சொன்ன ஒவ்வொரு சனிக்கிழமையும் அவன் எழுந்திருக்க வேண்டியிருந்தது. அழைத்தால் எழத்தானே வேண்டும். இவள் "வந்ததும் சொல்வாரு" என்று கோப்பையைக் கவிழ்த்ததும், நின்ற இடத்திலேயே மறுபடி விழுந்து கிடந்திருப்பான். அடுத்த சனிக்கிழமை வரை. ஐம்பத்திரண்டு தடவை. அவள் அவனைத் தூங்க விடவில்லை.

"ஐயோ," என்றாள். அவ்வளவுதான் வந்தது.

எழுந்தாள். கால் நின்றது.

"எழுந்திருங்க. எல்லாரும். சீக்கிரம்."

எல்ஸ்பெத் எழுந்தாள். மற்றவர்கள் எழுந்தார்கள். அழுதுகொண்டு, ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு. ராங்கின் சுவரோரம் மடங்கிச் சரிந்து உட்கார்ந்திருந்தார்.

"நில்லுய்யா!" எல்ஸ்பெத் அவர் கழுத்துத் துணியைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். "உன் கப்பல்ல செத்தவன்யா. நில்லு!"

பெத்தியா அகப்பையை எடுத்தாள். கிண்ணத்தில் ரம் இல்லை, சர்க்கரை இல்லை. அவன் வாயிலிருந்து வந்ததுதான் இருந்தது. அதை ஊற்றினாள். ஒவ்வொரு கோப்பையிலும். கடைசியாகச் சுவரோரம் வந்து, கோப்பை உடைத்த ராங்கினுக்கு அகப்பையிலேயே. போங்க, என்று மனதுக்குள் சொன்னாள். படுத்துக்கோங்க. நான் இனிமே எழுப்ப மாட்டேன். சத்தியமா எழுப்ப மாட்டேன்.

கோப்பையை உயர்த்தினாள். பெயர் சொல்லவில்லை. யாரும் பேசவில்லை.

டூகலின் வாய் மூடியது. தோள்கள் தளர்ந்தன. விளிம்பிலிருந்து ஒரு கையை எடுத்தான். கதவுப் பக்கம் பாதி திரும்பினான்.

குடித்தாள். குளிர் நெஞ்சில் இறங்கியது. பக்கத்தில் எல்ஸ்பெத் குடித்தாள். எல்லாரும் குடித்தார்கள். கோப்பையைக் கணப்பில் எறியத் திரும்பியபோதுதான் பார்த்தாள்.

மேசையின் தலைப்பக்கத்தில் கிரிசல் உட்கார்ந்திருந்தாள்.

"அத்தை."

கிழவி கேட்கவில்லை. அந்தக் கல் முகம் இல்லை. கன்னங்கள் தளர்ந்து, வாய் லேசாகத் திறந்து, தொட்டிலுக்கு மேல் குனிந்தவளின் முகம். நிரம்பிய கோப்பை அவள் கையில் அப்படியே இருந்தது.

"அத்தை, எழுந்திருங்க. அவர விட்ருங்க. கால பாருங்க அத்தை. அவரு கால பாருங்க."

"ஏன் எழுந்திருக்கணும்?" என்றாள் கிரிசல். சின்னப் பெண்ணின் குரல். "எம்புள்ள வந்துட்டான்."

"அத்தை, வேண்டாம்—"

"நான் கல்லுன்னு சொன்னே. ஆமாடி. கல்லா இருந்தேன். அவன் வரமாட்டான்னு நெனச்சேன்." கிழவி கோப்பையை உயர்த்தினாள். "டூகல். என் ராசா. உன் நலத்துக்கு."

பெத்தியா மேசையைத் தாண்டிப் பாய்ந்தாள். எட்டவில்லை. கிழவி ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

கதவருகே போயிருந்த டூகல் நின்றான். சிறிது நேரம் முதுகைக் காட்டியபடியே நின்றான். பிறகு திரும்பினான். அந்தக் கால்களால் மேசை வரை நடந்து வந்தான். விளிம்பில் இரண்டு கைகளையும் ஊன்றினான். அம்மாவைப் பார்த்தான். வாயைத் திறந்தான்.

கிண்ணம் நிறைந்தது. மேசை நிறைந்து நாலு பக்கமும் வழிந்தது. பெண்களின் பாவாடை ஓரங்கள் மிதந்தன.

கிரிசல் கோப்பையைக் கவிழ்க்கவில்லை. தலையைச் சற்றே சாய்த்து, அவன் என்ன சொல்லப் போகிறான் என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.